சுற்ற மறுக்கும் சிலிண்டர்

1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 581, 586, 681, 686 ஆகிய நான்கு மாடல் ரிவால்வர்களைத் திரும்ப அழைத்தது. சிலவகை .357 மேக்னம் தோட்டாக்களைச் சுட்டதும், தோட்டாவின் அடியில் பதித்திருக்கும் பிரைமரின் மெல்லிய உலோகம் பின்பக்கம் பிதுங்கி, ஊசி வரும் துளைக்குள் நுழைந்துவிட்டது. சிலிண்டர் அடுத்த அறைக்குத் திரும்பவில்லை. நிறுவனம் ஊசியையும் ஊசித் துளையின் வளையத்தையும் மாற்றிக் கொடுத்தது. மாற்றிய துப்பாக்கிகளில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்தைப் பொறித்தது. பழைய 686 வாங்குகிறவர்கள் இன்றும் சிலிண்டரைத் திறந்து அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகுக் கருவியை நிறுத்த அந்தத் துளி உலோகம் போதுமானதாக இருந்தது. பெரிய ஆலை செய்த துப்பாக்கிக்கே இந்தக் கதி என்றால், தோட்டாவை வீட்டு மேசையில் தானே நிரப்பிக்கொள்கிறவர் நிலை என்ன? அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, பழைய பிரைமரைத் தட்டிவிட்டு, கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பதித்து, மருந்து அளந்து போட்டு, மேலே குண்டை இருத்தி இறுக்குகிறார்கள். செலவு குறைகிறது, தன் துப்பாக்கிக்கும் தன் கைக்கும் ஏற்ற தோட்டா கிடைக்கிறது. நம் நாட்டில் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா செய்வதற்கே உரிமம் கேட்கிறது.

கையால் நிரப்பிய தோட்டாவைப் போட்டதும் சிலிண்டர் பாதியில் நின்றால், உரிமையாளரின் சந்தேகம் பெரும்பாலும் முதலில் துப்பாக்கியின் மேல்தான் விழுகிறது. தான் நேற்று ராத்திரி உட்கார்ந்து நிரப்பிய தோட்டாவைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. இந்தத் துறையில் எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளைப் படித்தால், ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த ஒரு காரணத்தையே எல்லோருக்கும் மருந்தாக எழுதிக்கொடுப்பது தெரியும். ஒருவர் பிரைமர் என்பார், இன்னொருவர் கிரிம்ப் என்பார், மூன்றாமவர் அழுக்கு என்பார். மூவரும் சொல்வது உண்மைதான், ஆனால் மூன்றும் ஒரே நோயல்ல. காரணங்களின் நீண்ட பட்டியலைவிட இரண்டு கேள்விகள் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. எந்த இடத்தில் உரசுகிறது? சுடுவதற்கு முன்பா, சுட்ட பிறகா?

இடத்தை முதலில் பார்ப்போம். ரிவால்வரின் சிலிண்டர் ஒரு சட்டத்துக்குள் சுழல்கிறது. முன்னால் குழலின் பின்முனை இருக்கிறது, பின்னால் பின்தட்டு. சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலுக்கும் இடையே பொதுவாக 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இடைவெளி இருக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் பருமன் 0.004 அங்குலம். அதாவது ஒரு தாளிலிருந்து இரண்டு தாள் நுழையும் அளவுதான் மொத்த இடமும். பின்னாலும் இதே கணக்கு. .38, .357 தோட்டாக்களின் அடியில் உள்ள விளிம்பு ஏறக்குறைய 0.06 அங்குலப் பருமன். அந்த விளிம்பு சிலிண்டரில் உட்கார்ந்தபின் அதற்கும் பின்தட்டுக்கும் நடுவில் ஆயிரத்தில் சில பங்கு அங்குலமே மிஞ்சும். மூன்றாவது இடம் நடு அச்சு: சிலிண்டரைத் தாங்கும் கை, கூடுகளை வெளியே தள்ளும் கம்பி, நட்சத்திர வடிவத் தள்ளி. இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் இருந்த இடம் தீர்ந்துபோனால்தான் சிலிண்டர் நிற்கும்.

இந்த முன் இடைவெளியே வேண்டாம் என்று நினைத்த துப்பாக்கியும் உண்டு. ரஷ்யப் படை பயன்படுத்திய 1895ஆம் ஆண்டு நாகன்ட் ரிவால்வரில், ஹேமரைப் பின்னிழுக்கும்போது சிலிண்டர் முழுவதும் முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். குண்டு முழுக்கக் கூட்டுக்குள் மறைந்திருக்கும், கூட்டின் வாய் குழலுக்குள் நீளும். வாயு கசியாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, விரல் வலிக்கும் அளவுக்குக் கனமான விசை. மற்றவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் கசிவைப் பொறுத்துக்கொண்டு இடைவெளியை வைத்துக்கொண்டார்கள்.

இனி நேரம். சுடுவதற்கு முன்பே, தோட்டாக்களைப் போட்டு மூடியதும் சிலிண்டர் உரசினால், தோட்டாவின் அளவில் பிழை. இரண்டு மூன்று குண்டு சுட்டபின் இன்னும் சுடாத தோட்டா சிக்கினால், உதையின் வேலை. சுட்ட கூடே சிக்கினால், அழுத்தம் பேசுகிறது. நூறு குண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல இறுகினால் அழுக்கு, அல்லது சூடு. இப்படிப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

சுடுவதற்கு முன் வரும் சிக்கலுக்கு முதல் குற்றவாளி பிரைமர்தான். பிரைமரைக் கூட்டின் அடிப்பக்கக் குழியில் முழுக்க அழுத்தவேண்டும். கூட்டின் அடிமட்டத்துக்குச் சமமாக இருந்தால் போதாது, 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இறங்கியிருக்கவேண்டும் என்பது நிரப்புகிறவர்களின் வழக்கமான அளவு. மேலே துருத்தி நின்றால் சிலிண்டர் சுற்றும்போது அது பின்தட்டில் உரசும். தானியங்கித் துப்பாக்கியில் இந்தக் குறை சில நேரம் தெரியாமலே போய்விடும், ரிவால்வர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பது மேல். இன்னும் நம்பகம், தோட்டாவைக் கண்ணாடித் தட்டின்மேல் நிமிர்த்தி வைப்பது. பிரைமர் துருத்தினால் தோட்டா ஆடும்.

பிரைமர் ஏன் துருத்துகிறது? குழிக்குள் பழைய கரி படிந்திருக்கலாம். ராணுவத்துக்காகச் செய்த கூடுகளில் பிரைமர் கழன்றுவிடாமல் குழியின் விளிம்பை அழுத்தி வைத்திருப்பார்கள், அதை வெட்டி எடுக்காமல் புதுப் பிரைமர் சரியாக இறங்காது. பல நிலைகளை ஒரே இழுப்பில் செய்யும் பிரஸ்ஸில், கைப்பிடியைக் கடைசிவரை தள்ளாமல் விடுவதும் அடிக்கடி நடப்பது. ஒரு கை அழுத்தியில் ஒவ்வொரு பிரைமரையும் தனியாகப் பதிப்பவர்கள், அடியில் முட்டும் உணர்வு விரலுக்குத் தெரிகிறது என்கிறார்கள். நேரம் ஆகும்தான். ரிவால்வருக்கு நிரப்புகிறவர் அந்த நேரத்தைக் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. இன்னொரு பிழை, பிரைமர் மாறிப்போவது. பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிட உயரம் அதிகம். அதை .44, .45 கூட்டில் பதித்தால் எவ்வளவு அழுத்தினாலும் துருத்தியே நிற்கும். சிறிய வகையில் இந்த உயர வேறுபாடு இல்லை, ஆனால் ரைஃபிள் பிரைமரின் உலோகம் கடினமானது. விசையை இலகுவாக்க ஸ்பிரிங்கைத் தளர்த்திய துப்பாக்கியில் அது வெடிக்காமல் ஏமாற்றும்.

பிரைமர்தான் காரணம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒரு தோட்டா முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடித்தால், முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிலிண்டர் உரசுவதும் முதல் அடி வீணாவதும் ஒரே பெட்டித் தோட்டாவில் சேர்ந்து வந்தால் வேறு எங்கும் தேடவேண்டாம்.

அடுத்து, அறைக்குள் முழுக்க இறங்காத தோட்டா. விளிம்பு சிலிண்டரில் ஒட்டி உட்காராமல் ஒரு மயிரிழை வெளியே நின்றால் போதும், பின்தட்டில் உரசும். இதற்கு வழிகள் பல. கூட்டின் வாயைக் குண்டின் மேல் உள்நோக்கி மடித்து இறுக்குவதைக் கிரிம்ப் என்கிறார்கள். குண்டில் அதற்கென்று ஒரு வரிப்பள்ளம் இருக்கும், மடிப்பு அதில் விழவேண்டும். பள்ளத்தைத் தப்பிக் குண்டின் உடம்பில் விழுந்தாலோ, அளவுக்கு மீறி மடித்தாலோ, வாய்க்குக் கீழே கூடு பிதுங்கும். பார்வைக்குத் தெரியாத பிதுக்கம், ஆனால் அறை ஏற்காது. கூடுகள் வெவ்வேறு நீளமாக இருந்தால் நீளமானவைக்கு அதிக மடிப்பும் குட்டையானவைக்குக் குறைந்த மடிப்பும் கிடைக்கும். ஒரே பெட்டியில் சில தோட்டா மட்டும் சிக்குவதற்கு இது ஒரு பொதுவான காரணம். குண்டை இருத்துவதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்யாமல் இரண்டு தனி நிலைகளாகச் செய்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஈயக் குண்டில் வேறொரு தினுசு. கூட்டின் வாயைப் போதிய அளவு மணிபோல் விரிக்காமல் குண்டை அழுத்தினால், வாய் ஈயத்தைச் சீவிவிடும். சீவிய ஈயம் வாயைச் சுற்றி வளையமாக நின்று தோட்டாவைத் தடுக்கும். ஈயக் குண்டுகள் வழக்கமாக 0.358 அங்குலம், செம்பு உறையிட்டவை 0.357. அறையின் முன்பாகம் இறுக்கமான துப்பாக்கியில் இந்த 0.001 கூடப் பேசும். .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களை நிறையச் சுடுகிறவர்களுக்கு இன்னொன்று. .38 கூட்டின் நீளம் 1.155 அங்குலம், .357இன் நீளம் 1.290. குட்டைக் கூட்டின் வாய் நின்ற இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு .357 தோட்டாவைப் போட்டால் அந்த வளையத்தில் முட்டி நிற்கும். உரிமையாளர் நேற்று நிரப்பிய .357 தோட்டாவைத் திட்டுவார், குற்றம் போன மாதத்து .38இல் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை போதும், செலவும் இல்லை. சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, சுத்தம் செய்து, நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் அதன் அறைகளில் போட்டுப் பார்ப்பது. தன் எடையாலேயே விழுந்து விளிம்பு ஒட்டி உட்காரவேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழவேண்டும். கட்டைவிரலால் தள்ளவேண்டிய தோட்டா சுடும் மைதானத்துக்குப் போகக்கூடாது. கடையில் அளவுச் சட்டம் விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நம் துப்பாக்கியின் அறை என்ன அளவு என்று நம் சிலிண்டருக்குத்தான் தெரியும்.

லீ நிறுவனத்தின் ‘ஃபேக்டரி கிரிம்ப்’ அச்சு இங்கே ஒரு தீராத வாக்குவாதம். நிரப்பி முடித்த தோட்டா முழுவதையும் கடினமான கார்பைடு வளையத்துக்குள் செலுத்தி, பிதுக்கத்தை அழுத்திவிடும் அச்சு அது. அதில் போட்டு எடுத்த தோட்டா எந்த அறையிலும் இறங்கும் என்பார் ஒரு சாரார். ஈயக் குண்டு இருந்தால் கூட்டோடு சேர்த்துக் குண்டையும் நசுக்கிவிடும், நசுங்கிய குண்டு குழலை நிரப்பாது, ஈயம் படியும், குறியும் கெடும் என்பார் மறு சாரார். இரண்டாவது கட்சி சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது. அந்த அச்சில் இறுக்கமாகப் போகிற தோட்டா, முந்தைய நிலை ஒன்றில் தவறு நடந்திருக்கிறது என்று சொல்கிறது. அச்சு தவறை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை.

நீளமும் பார்க்கவேண்டும். .357 தோட்டாவின் மொத்த நீளம் 1.590 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தொழில்துறைத் தர அமைப்பான சாமி வரையறுத்திருக்கிறது. எல்மர் கீத் வடிவமைத்த 358429 என்ற வார்ப்புக் குண்டைப் பலரும் விரும்புகிறார்கள். அதை .357 கூட்டில் வைத்து அதன் பள்ளத்தில் கிரிம்ப் போட்டால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய என்-சட்ட ரிவால்வர்களில் முனை சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். நீளமான சிலிண்டர் கொண்ட ரூகர் நிறுவன ரிவால்வரில் இறங்கிவிடும். அதனால்தான் ஒரே தோட்டா ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்குத் தலைவலி. ரே தாம்ப்சன் வடிவமைத்த 358156 குண்டில் இரண்டு கிரிம்ப் பள்ளம் இருப்பதற்கும் இந்த நீளக் கணக்குத்தான் காரணம். ஒன்று .357 கூட்டுக்கு, மற்றது .38 கூட்டுக்கு.

இப்போது உதை. கைநிரப்புத் தோட்டாவில் அதிகம் தலைகாட்டும் சிக்கல் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் குண்டு வெடித்ததும் துப்பாக்கி பின்னோக்கிப் பாய்கிறது. மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளை, அவற்றின் விளிம்பைப் பிடித்து, சிலிண்டர் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. குண்டோ கனமானது, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. கூடு பின்னே போக, குண்டு வாயிலிருந்து மெல்ல வெளியே வருகிறது. ஒவ்வொரு உதைக்கும் இன்னும் கொஞ்சம். நான்காவது ஐந்தாவது சூட்டில் குண்டின் முனை சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டிவிட்டால், அது குழலின் ஓரத்தில் அல்லது சட்டத்தில் முட்டும். சிலிண்டர் முன்னும் போகாது, பின்னும் வராது, திறக்கவும் முடியாது. பிழையாக நிரப்பிய தோட்டாவைப் பிரிக்க, நிரப்புகிறவர்கள் ஒரு சுத்தியல் வைத்திருப்பார்கள். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்றுவிடும். உதைக்கும் ரிவால்வர் அதே சுத்தியலாகத்தான் வேலைசெய்கிறது.

துப்பாக்கி இலேசாக ஆக ஆக இந்தக் குறை பெருகும். ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும் டைட்டேனியம் சிலிண்டரும் கொண்ட சட்டைப்பை ரிவால்வர்கள் வந்தபின் ஆலைத் தோட்டாவிலும் குண்டு நகர்வது வெளிச்சத்துக்கு வந்தது.  கனமான .44 மேக்னம் தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுடுகிறவர்களும் இதை அறிவார்கள்.

இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது, இன்னும் இறுக்கிக் கிரிம்ப் போடு என்பது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். குண்டைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு கிரிம்ப்பினுடையது அல்ல. கூட்டின் கழுத்து குண்டை நெடுகப் பிடிக்கும் இறுக்கம்தான் முதல். கிரிம்ப் அதற்குத் துணை. கழுத்தை விரிக்கும் அச்சின் கம்பி அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தால் பிடி தளர்ந்துவிடும். பலமுறை சுட்டு மறுபடி நிரப்பிய பித்தளை கடினமாகி, அழுத்திய இடத்தில் நிற்காமல் மீளப் பார்க்கும், அதிலும் பிடி குறையும். இவற்றைச் சரிசெய்யாமல் மடிப்பை மட்டும் கூட்டினால், முன்பு சொன்ன பிதுக்கம் வந்து சேரும், சில வேளை அந்தப் பிதுக்கத்தாலேயே கழுத்தின் பிடி இன்னும் தளரும். ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் இரண்டை வாங்கிக்கொள்வதுதான் நடக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் நீளத்தை அளவுகோலால் எடுத்துக்கொண்டு, அதில் பேனாவால் குறியிட்டு, கடைசியாகச் சுடவேண்டிய அறையில் வைக்கவேண்டும். மற்றவற்றைச் சுட்டுவிட்டு, குறியிட்டதைச் சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளக்கவேண்டும். நீண்டிருந்தால் அந்த நிரப்பல் அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வேறு துப்பாக்கியில் ஆகலாம்.

சுட்ட கூடே சிக்குவது தனி ரகம், கவலைக்குரியதும் இதுதான். .357 மேக்னத்துக்கு அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000. மருந்து கூடினால் பிரைமர் தட்டையாகும், ஊசித் துளைக்குள் பிதுங்கும், கூடு அறைச்சுவரில் ஒட்டிக்கொள்ளும், தள்ளு கம்பியை உள்ளங்கையால் அடித்துத்தான் வெளியேற்ற முடியும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே அந்தப் பெட்டியோடு அன்றைய சூட்டை நிறுத்திவிடவேண்டும்.

ஆனால் இதற்கு நேர்மாறும் உண்டு, புதியவர்களைக் குழப்புவதும் அதுதான். ஊசி அடித்ததும் பிரைமர் முதலில் பின்னோக்கித் துள்ளும். பிறகு மருந்தின் அழுத்தத்தில் கூடு முழுவதும் பின்னே வந்து பின்தட்டில் மோதும்போது, துள்ளிய பிரைமர் தன் குழியில் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். மருந்து மிகக் குறைவாக இருந்தால் கூடு பின்னே வராது, பிரைமர் வெளியே நின்றபடி பின்தட்டை உரசும். ஆக, துருத்தி நிற்கும் பிரைமரைப் பார்த்ததும் அழுத்தம் அதிகம் என்று முடிவுகட்டக் கூடாது. தட்டையாகிப் பிதுங்கியிருந்தால் அதிகம், உருண்டை விளிம்பு கெடாமல் வெளியே வந்திருந்தால் குறைவு. மெழுகுக் குண்டைப் பிரைமரின் விசையால் மட்டும் சுடும் விளையாட்டுக்காரர்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்க, கூட்டின் அடியில் தீப்பொறி செல்லும் துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குகிறார்கள். அப்படிப் பெரிதாக்கிய கூட்டுக்கு அடையாளம் இட்டுத் தனியே வைக்கவேண்டும். முழு மருந்து நிரப்பினால் ஆபத்து.

கூடு பின்னே வந்து சிக்கும் சங்கதிக்கு வரலாற்றில் ஒரு பெயர்போன உதாரணம் இருக்கிறது. 1961இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 53 என்ற ரிவால்வரை .22 ரெமிங்டன் ஜெட் தோட்டாவுக்காக வெளியிட்டது. .357 கூட்டை நீண்ட சரிவாகக் குறுக்கிச் செய்த தோட்டா அது. நேரான சுவருள்ள கூடு வெடிக்கும்போது அறைச்சுவரைப் பிடித்துக்கொள்ளும். சரிவான கூடு ஆப்புபோல் பின்னோக்கி வழுக்கி, பின்தட்டில் அழுந்தி, சிலிண்டரை இறுக்கிவிட்டது. அறையில் துளி எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம். அறைகளைக் கரைப்பான் கொண்டு துடைத்து, தோட்டாவையும் உலரத் துடைத்துப் போட்டவர்களுக்குத் துப்பாக்கி ஓரளவு வேலைசெய்தது. 1974இல் மாடல் நின்றது. கூட்டை அச்சில் அழுத்தும்போது தடவிய மசகைத் துடைக்காமல் நிரப்புகிற இன்றைய சோம்பேறிகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. நேரான கூட்டிலும் எண்ணெய்ப் பசை சுவரின் பிடியைக் குறைக்கும்.

தோட்டாவைப் பிடிக்கும் தகடும் சிலிண்டரை இறுக்கலாம். விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாவை ரிவால்வரில் சுட, பிறைவடிவத் தகட்டில் செருகிப் போடும் வழக்கம் முதல் உலகப் போர்க்காலத்து 1917 மாடல்களோடு வந்தது. இன்றைய போட்டிகளில் முழுவட்டத் தகடுகள் உண்டு. வேகமாகச் சுடுவதில் பெயர்பெற்ற போட்டியாளர் ஜெர்ரி மிகுலெக் 1999இல் இப்படிப்பட்ட 625 மாடலால் நடுவில் ஒருமுறை மறுநிரப்பி 12 குண்டை 2.99 விநாடியில் சுட்டார். தகடு சிறிது வளைந்திருந்தாலும் சிலிண்டர் கனத்துப்போகும். சமதளக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, ஆடுகிற தகட்டைத் தூர எறியவேண்டும், நிமிர்த்தப் பார்ப்பது வீண்.

துப்பாக்கியின் பங்கு எவ்வளவு? ஆலைத் தோட்டாவிலும் காலி அறையிலும் உரசினால் மட்டும் துப்பாக்கியைப் பாருங்கள். அதற்கும் பெரும்பாலும் காரணம் எளிதானது. எரியாத மருந்துத் துகள் நட்சத்திரத் தள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்தால் அது முழுக்க மூடாது, விளிம்புகள் எல்லாம் பின்னே தள்ளப்படும். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும். கூடுகளைத் தள்ளும்போது குழல்முனை வானத்தைப் பார்த்திருந்தால் துகள் கீழே கொட்டிவிடும். 1982 வரை வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னங்களில் விளிம்பு உட்கார அறையின் பின்னால் ஒரு பள்ளம் குடைந்திருப்பார்கள், அந்தப் பள்ளத்தில் சேரும் அழுக்கையும் எடுக்கவேண்டும். தள்ளு கம்பி திருகு கழன்று முன்னே நீண்டாலும் சிலிண்டர் திறக்காது. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் இது வலத்திருகு, 1960ஐ ஒட்டி இடத்திருகாக மாற்றினார்கள். தெரியாமல் முறுக்கினால் கெடுத்துவிடுவோம். முறுக்கும்போது அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுக்கொண்டால் தள்ளியின் முனைகள் வளையாது. முன் இடைவெளி 0.002 அங்குலம் மட்டுமே உள்ள துப்பாக்கி குளிர்ந்திருக்கும்போது நன்றாகச் சுற்றி, சூடேறி ஈயம் படிந்ததும் நின்றுவிடும். இதற்குத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போகத்தான் வேண்டும். தானே அரத்தை எடுத்து முன்முகத்தைத் தேய்க்கிறவர்கள் உண்டு. தேய்த்த எஃகு திரும்பி வராது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. மருந்து போட மறந்த தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலின் பின்முனைவரை தள்ளி நிறுத்திவிடும். குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக நின்றால் சிலிண்டர் சுற்றாது. அது அதிர்ஷ்டம். முழுவதும் குழலுக்குள் போய் நின்றிருந்தால் சிலிண்டர் தடையில்லாமல் சுற்றும், அடுத்த குண்டு அதன் பின்னால் மோதும், குழல் வெடிக்கலாம். .38 கூடு கரிமருந்துக் காலத்தில் பிறந்தது, அதனால் உள்ளே இடம் மிக அதிகம். இன்றைய மருந்து அதில் பாதியைக்கூட நிரப்பாது, இரண்டு முறை விழுந்தாலும் ததும்பாது. குண்டு வைக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

ஆகவே சிலிண்டர் நின்றதும் விசையைப் பலமாக இழுக்காதீர்கள், ரப்பர் சுத்தியலையும் தேடாதீர்கள். குழல்முனை பாதுகாப்பான பக்கம் பார்த்தபடி முப்பது விநாடியாவது பொறுங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு மெதுவாகத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கிறது என்று சொல்லியே பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். திறந்தால் எந்த அறை, சுட்டதா சுடாததா, உரசிய தடம் பின்தட்டிலா முன்முகத்திலா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே இரவில் நிரப்பிய மிச்சத் தோட்டாக்களை, காரணம் தெரியும்வரை, ஒன்றுகூடச் சுடாமல் தனியே எடுத்து வையுங்கள். காரணம் தெரியாமலே போனால் அத்தனையையும் பிரித்துவிடுங்கள்.